அடித்தலும் திருத்தலும் உள்ள கனவு

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். "கனவையும் ஆழ்மனதையும் எழுத்தாக்க முயன்ற சர்ரியலிசக் கவிஞர்கள் யோசிக்காமல், நிறுத்தாமல், திருத்தாமல் எழுதியதாகச் சொன்னார்கள். அவர்களுடைய கையெழுத்துப் பிரதிகளிலோ அடித்தலும் திருத்தலும் இருக்கின்றனவாம். அப்படியென்றால் சொன்னது பொய்தானே? கவிதைதான் அச்சில் கிடைக்கிறதே, அந்தப் பழைய தாள்களுக்கு எதற்கு இத்தனை மரியாதை, இத்தனை விலை?"

இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதலாவதற்கு என் பதில்: பொய் இல்லை. நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அளவுக்கு அவர்கள் அப்படிச் சொல்லவும் இல்லை. இரண்டாவதற்குப் பதில் கொஞ்சம் நீளம். ஒரு தாள் இருந்ததால் தெரியவந்த உண்மையையும், ஒரு தாள் இல்லாததால் பிறந்த கதையையும் சொன்னால்தான் அது விளங்கும்.

இருக்கும் தாளிலிருந்து தொடங்குகிறேன்.

1919ஆம் ஆண்டு வசந்தம், பாரிஸ். முதல் உலகப்போர் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பாந்தியோன் சதுக்கத்தில் 'மாமனிதர்கள் விடுதி' என்று பொருள்படும் பெயரோடு ஒரு ஓட்டல். அதில் ஓர் அறையில், பின்னாளில் சர்ரியலிசக் குழுவின் தலைவரான ஆந்த்ரே பிரெத்தோன் தங்கியிருந்தார், வயது 23. கூட்டாளி பிலிப் சூப்போவுக்கு 21. பிரெத்தோன் மருத்துவ மாணவர். 1916இல் சேன் திசியே நகரத்து மனநல மையத்தில், போர்முனையில் சித்தம் கலங்கி வந்த சிப்பாய்களோடு பணிபுரிந்தவர். ஃப்ராய்டின் முறையைப் பற்றி அங்கேதான் ஆழமாகத் தெரிந்துகொண்டார். நோயாளி மனதில் தோன்றுவதைத் தடையின்றிப் பேசிக்கொண்டே போகவேண்டும், இடையில் அவனுடைய சொந்த அறிவே குறுக்கிடக்கூடாது. அந்தப் பேச்சைத் தன்னிடமிருந்தே ஏன் பெறக்கூடாது, பேச்சுக்குப் பதில் எழுத்தாக ஏன் பெறக்கூடாது என்பதுதான் பிரெத்தோனுக்குத் தோன்றியது.

அதற்கு ஒரு தூண்டுதலும் இருந்தது. ஓர் இரவு தூக்கத்தில் ஆழ்வதற்குச் சற்று முன் ஒரு வாக்கியம் அவர் காதில் விழுந்தது, யாரோ கதவைத் தட்டியதுபோல. ஜன்னலால் இரண்டாக வெட்டப்பட்ட மனிதன் ஒருவன் இருக்கிறான் என்பதுபோல ஒன்று. கூடவே மங்கலாய் ஒரு காட்சியும். இதை 1924இல் வெளியான 'சர்ரியலிச அறிக்கை'யில் அவரே விவரிக்கிறார். அந்த வாக்கியத்தை அவர் உண்டாக்கவில்லை, அது வந்தது. அப்படி வருவதையெல்லாம் கைவலிக்க எழுதிப் பார்ப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள். முதல் நாள் முடிவில் கிட்டத்தட்ட 50 பக்கங்கள் சேர்ந்துவிட்டன என்கிறார். சில நாட்களில் எட்டுப் பத்து மணி நேரம் விடாமல் எழுதினார்கள். இப்படித் தொகுத்ததுதான் 'காந்தப் புலங்கள்'. அந்த ஆண்டு ஜனவரியில் நாந்த் நகரில் அளவுமீறிய அபினியால் இறந்துபோன நண்பர் ழாக் வஷேயின் நினைவுக்கு அதைக் காணிக்கையாக்கினார்கள். சில பகுதிகள் அவர்களுடைய இதழிலேயே 1919 இறுதியில் வந்தன. நூல் 1920 மே மாதம் வெளிவந்தது. விடுதியின் சுவரில் இன்று ஒரு கல்வெட்டுப் பலகை இருக்கிறது. 1919 வசந்தத்தில் தன்னியக்க எழுத்து, அதாவது மனதில் வருவதை வந்தபடியே எழுதும் இந்த முறை, இங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டது என்கிறது அது.

நூலின் முதல் வாக்கியத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: "நீர்த்துளிகளின் கைதிகள் நாம், முடிவேயில்லாத மிருகங்கள், அவ்வளவுதான்." ஒரு நூற்றாண்டு கழிந்தும் இந்த வரி எனக்குப் பழசாகவில்லை. வேகமாக எழுதினால் இப்படியெல்லாம் வருமா என்று யாரும் முயன்று பார்க்கலாம். வருவது பெரும்பாலும் நாம் ஏற்கெனவே படித்த வரிகள்தான். அதனால்தான் அந்த அறையில் உண்மையில் என்ன நடந்தது என்பதை அறிய ஆசை எழுகிறது. அறையிலிருந்து மிஞ்சியிருப்பது தாள்கள் மட்டுமே.

அந்தத் தாள்கள் இப்போது பிரான்ஸின் தேசிய நூலகத்தில் உள்ளன. 1988இல் அவற்றின் நிழற்படப் பதிப்பும் வந்தது. ஆம், அடித்தல் இருக்கிறது. திருத்தலும் இருக்கிறது. பலர் இங்கே நின்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், படிக்கத் தொடங்கவேண்டிய இடமே இதுதான்.

முதலில் பிரெத்தோன் என்ன வாக்குக் கொடுத்தார் என்பதைப் பார்ப்போம். அறிக்கையில் எழுத்து முறைக்கு ஒரு செய்முறையே தருகிறார். மனம் தன்னுள் ஒடுங்க வசதியான இடத்தில் உட்காருங்கள். முன்கூட்டி எந்தப் பொருளையும் வைத்துக்கொள்ளாதீர்கள். எழுதியது நினைவில் தங்காத அளவுக்கு, திரும்பப் படிக்கும் ஆசை எழாத அளவுக்கு விரைவாக எழுதுங்கள். அடுத்து வருவது எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஓட்டம் தடைபட்டால், வரி தெளிவாகிக்கொண்டே போனால், தயங்காமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சந்தேகத்துக்குரிய சொல்லுக்குப் பின்னால் ஏதாவது ஓர் எழுத்தை இடுங்கள். 'எல்' என்ற எழுத்தை இடுங்கள், எப்போதும் அதே 'எல்'லைத்தான். அடுத்த சொல் அந்த எழுத்தில் தொடங்கட்டும்.

ஓட்டம் அறுபடாது என்று நம்பியவர் இப்படி ஒரு விதி எழுதியிருக்கமாட்டார். அது அறுபடும், அறிவு நடுவில் தலை நீட்டும் என்பதைத் தாளில் பட்டுத் தெரிந்துகொண்டவர்தான் எழுதமுடியும். இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறார். சில பகுதிகள் சரியில்லை என்று தோன்றித் தான் கைவைக்கப் போனபோதெல்லாம் சூப்போ கடுமையாக எதிர்த்தார் என்றும், அவர் செய்தது முற்றிலும் சரி என்றும் எழுதுகிறார். பக்கங்களின் தலையில் சூப்போ தலைப்புகள் சேர்த்ததை மட்டும் குறையாகச் சொல்கிறார். ஆக, திருத்தும் ஆசை இருந்தது, அதை எதிர்த்து ஒரு சண்டையும் நடந்தது என்பது அச்சிலேயே 1924இல் பதிவான செய்தி. கையெழுத்துப் பிரதி யாரையும் கையும் களவுமாகப் பிடித்துவிடவில்லை.

இனி அடித்தலைப் படிப்பது எப்படி என்று சொல்கிறேன். பிரான்ஸில் இதற்கென்றே ஓர் ஆய்வுத் துறை உண்டு. ஒரு படைப்பு முடிந்த வடிவத்தை விட்டுவிட்டு, அது பிறந்து வளர்ந்த வழியை வரைவுத் தாள்களில் பின்தொடரும் துறை. அவர்கள் திருத்தங்களை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று எழுதும்போதே நேர்ந்தது. சொல்லை அடித்துவிட்டு அதே வரியில், அதற்கு அடுத்தாற்போல், வேறு சொல் தொடரும். கை முன்னேறிக்கொண்டே இருந்தது என்று பொருள். மற்றது திரும்பிப் படித்தபோது செய்தது. மாற்றுச் சொல் வரிக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும், அல்லது ஓரத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். மையின் நிறம் மாறியிருக்கலாம், எழுத்தின் அளவு சுருங்கியிருக்கலாம். எழுதிய கை போய், படிக்கும் கண் வந்துவிட்டது என்று பொருள்.

முதல் வகைத் திருத்தம் தன்னியக்க எழுத்துக்கு எதிரான சாட்சி ஆகாது. பேசுகிறவர் நாத்தவறிச் சரிசெய்துகொள்வது போன்றது அது. காதில் விழுந்த சொல் ஒன்று, கை எழுதத் தொடங்கிய சொல் வேறொன்று, கை தன்னைத் திருத்திக்கொண்டது. சொல்லப்போனால் இப்படிப்பட்ட அடித்தல், சொல்லுக்கு முன்னால் ஒரு குரல் இருந்தது என்பதற்கே சான்று. கேட்பதற்கு ஒன்று இருந்தால்தானே தவறாகக் கேட்டுவிட முடியும்? இரண்டாவது வகையில்தான் கலைஞன் உள்ளே வருகிறான். அது எங்கே வருகிறது, எவ்வளவு வருகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. மொத்தமாக "அடித்தல் இருக்கிறது" என்று சொல்வது எதையும் சொல்லாததற்குச் சமம்.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. நூலின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு வேகத்தில் எழுதப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து ஒரு பிரதியின் ஓரங்களில் பிரெத்தோன் குறிப்புகள் எழுதியபோது, எது எந்த வேகம் என்று இயற்பியல் மாணவன்போல, வேகத்தைக் குறிக்கும் 'வி' என்ற குறியில் கோடுகள் இட்டுக் காட்டினார். அந்த வேகத்தைக் கூட்டிக்கொண்டே போயிருந்தால் தான் இன்று இந்தப் பிரதியின்மேல் குனிந்து குறிப்பெழுத உயிரோடு இருந்திருக்கமாட்டேன் என்ற தொனியில் அங்கே ஒரு வாசகம் உண்டு. மிகைப்படுத்தல் என்று நான் நினைக்கவில்லை. பகல் முழுக்க இப்படி எழுதி முடித்துத் தெருவில் இறங்கியவர்களுக்குப் பிரமைகள் தோன்றத் தொடங்கியிருந்தன.

அச்சு மறைத்துவிட்ட இன்னொன்றையும் அந்தத் தாள்கள் காட்டுகின்றன: யார் எதை எழுதினார்கள் என்பது. 1920 பதிப்பில் இரண்டு பெயர்களும் சேர்ந்தே இருக்கும், எந்தப் பக்கம் யாருடையது என்ற குறிப்பு இருக்காது. அது வேண்டுமென்றே செய்தது. கவிதைக்கு முதலாளி கிடையாது என்பதுதான் அவர்கள் சொல்லவந்தது. கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயர்களையும் போட்டு, அடியில் 'விறகு, கரி' என்று ஏழைக் கடைக்காரர்களின் பெயர்ப்பலகைபோல அச்சிட்டார்கள். தெருமுனையில் இருக்கும் அந்தக் கடைகளைப்போல் முகமற்றுக் கரைந்துபோவது அவர்கள் எண்ணம். ஆனால் கையெழுத்துக்கு முகம் உண்டு. தாளில் இரண்டு கைகளும் தனித்தனியே தெரிகின்றன. 'ரசம் பூசாத கண்ணாடி' என்ற முதல் பகுதியில் இருவருமே கலந்திருக்கிறார்கள். பிள்ளைப் பருவ நினைவுகள் நிழலாடும் 'பருவங்கள்' பிரெத்தோனுடையது. இதைத் தெரிந்துகொண்டு நூலைத் திரும்பப் படித்தால், ஒரே குரல் என்று நினைத்த இடத்தில் ஒருவர் மற்றவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும். எனக்கு இது பெரிய லாபம். 'முகமற்றவர்கள்' என்ற அவர்களுடைய ஆசைக்கு இது துரோகம் என்று சிலர் வாதிடுவார்கள். அந்த ஆசை எவ்வளவு கடினமானது என்பதையும் அந்தத் தாளில்தான் நாம் பார்க்கிறோம் என்பதே என் பதில்.

'கரையும் மீன்' இதைவிட நுட்பமான வழக்கு. 1924 அறிக்கை முதலில் இந்தத் தன்னியக்க உரைநடைத் தொகுப்புக்கு முன்னுரையாகத்தான் தொடங்கியது. முன்னுரை வளர்ந்து நூலை விழுங்கிவிட்டது. அச்சான தொகுப்பில் 32 துண்டுகள். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகங்களில் பிரெத்தோன் எழுதி வைத்திருந்தவையோ அதைவிட மிக அதிகம். எஞ்சியவை அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் மார்கரித் பொனேயின் பதிப்பில் வெளிவந்தன. ஒரு சொல்லையும் மாற்றாமலே கூட ஒருவர் முழு நூலையும் திருத்திவிட முடியும் என்பது அப்போதுதான் உறைக்கிறது. எதைச் சேர்ப்பது, எதை நோட்டிலேயே விடுவது, எதை முதலில் வைப்பது? கனவு கண்டவர் ஒருவர், கனவுகளை வரிசைப்படுத்தியவர் விழித்திருந்த இன்னொருவர். என்னைப் பொறுத்தவரை, பிரெத்தோன்மேல் குற்றம் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் சொல்லவேண்டிய இடம் இது, 'காந்தப் புலங்க'ளின் அடித்தல்கள் அல்ல. ஆனால் அவர் தம்மையே கடுமையாக மதிப்பிட்டவர். 1933இல், சர்ரியலிசத்தில் தன்னியக்க எழுத்தின் வரலாறு தொடர்ந்த துரதிர்ஷ்டத்தின் வரலாறு என்று எழுதினார். அந்த முறையைக் கண்டெடுத்தவரே அதைச் சொன்னார் என்பதை மறக்கக்கூடாது.

விலையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தாள்களுக்குப் பணமதிப்பு பின்னால் வந்ததல்ல. ஆடை வடிவமைப்பாளரும் பெருஞ்செல்வருமான ழாக் தூசே 1920களின் தொடக்கத்திலேயே இளம் கவிஞர்களிடமிருந்து கையெழுத்துப் பிரதிகளை வாங்கிச் சேர்த்தார். பிரெத்தோனையே தம் நூலகத்துக்கும் ஓவியச் சேகரிப்புக்கும் ஆலோசகராகச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். அவர் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்த அந்த நூலகம் அமைந்த இடம் அதே பாந்தியோன் சதுக்கம். அறிக்கையின் கையெழுத்துப் பிரதி பிரெத்தோனின் முதல் மனைவி சிமோனிடம் இருந்தது. 2008இல் அது வேறு சில பிரதிகளோடு பாரிஸில் ஏலத்துக்கு வந்து, மொத்தம் 30 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. வாங்கிய நிறுவனம் பின்னாளில் முடங்க, 2017இல் அரசு அவற்றை 'தேசியச் செல்வம்' என்று அறிவித்து நாட்டைவிட்டு வெளியேறாமல் தடுத்தது. 2021இல் தேசிய நூலகத்துக்கு வந்து சேர்ந்தன.

வாங்குகிறவர்களும் பார்க்கிறவர்களும் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லவேண்டும். இந்தக் கவிஞர்கள் நண்பர்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் தம் கவிதைகளை நல்ல தாளில் அழகாகப் படியெடுத்துக் கொடுத்ததுண்டு. அது கவிஞரின் கையெழுத்துதான், போலியல்ல. ஆனால் அது சுத்தப்படி, கவிதை பிறந்த தாள் அல்ல. ஒரு கறையும் இல்லாமல் வரிகள் நேராக ஓடும் தாளைக் காட்டி "பாருங்கள், ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார்" என்று யாராவது வியந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். வரி முடியும் இடத்தை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கும் கையெழுத்து அது. தாளின் ஓரத்தில் போய் இடிக்கும் கையெழுத்துத்தான் அடுத்து என்ன வரும் என்று தெரியாத கையெழுத்து.

இனி, இல்லாத தாள்.

ரொபேர் தெஸ்னோஸ் இந்தக் குழுவிலேயே வியப்பான ஆற்றல் உள்ளவர். 1922 செப்டம்பர் முதல் பிரெத்தோனின் வீட்டில் நடந்த 'உறக்க அமர்வு'களில், அரைத்தூக்க நிலையில் கேள்விகளுக்கு வாயாலும் பென்சிலாலும் பதில் சொன்னவர். 1926இல் 'மர்மப் பெண்ணுக்கு' என்ற கவிதை வரிசையை வெளியிட்டார். அதில் ஒரு கவிதை 'உன்னை அவ்வளவு கனவு கண்டேன்' என்று தொடங்கும். பாடகி இவோன் ழோர்ழ்மேல் அவருக்கிருந்த நிறைவேறாத காதல் அதன் பின்னணி. கடைசி வரிகளில், உன் ஆவியோடு இவ்வளவு நடந்து, பேசி, படுத்தபின், ஆவிகளுக்கிடையே ஓர் ஆவியாக இருப்பதுதான் எனக்கு மிச்சம் என்கிறார். உன் வாழ்வின் சூரியக் கடிகாரத்தின்மேல் உல்லாசமாக உலவும் நிழலைவிட நூறு மடங்கு நிழலாக.

1944 பிப்ரவரி 22 அன்று நாஜிகளின் ரகசியக் காவல்படையான கெஸ்டாபோ அவரைப் பாரிஸில் கைது செய்தது. அவர் நாஜிகளுக்கு எதிரான எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தார். ஆஷ்விட்ஸ், புகன்வால்ட், ஃப்ளோசன்பூர்க், பிறகு ஃப்ளோஹா என்று முகாம் முகாமாக இழுத்துச் சென்றார்கள். போர் முடிந்த நேரத்தில் செக் மண்ணில் தெரேசின் முகாமில் டைஃபஸ் காய்ச்சலோடு கிடந்தார். யோசெஃப் ஸ்துனா என்ற செக் மருத்துவ மாணவர் நோயாளிகள் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்தார். சர்ரியலிச நூல்களைப் படித்தவர் அவர், கவிஞரின் முகத்தைப் புகைப்படத்தில் அறிந்தவர். நீங்கள் அந்தக் கவிஞரா என்று கேட்டார். ஆமாம் என்றார் தெஸ்னோஸ். 1945 ஜூன் 8 அன்று இறந்தார், வயது 44.

சில வாரங்களில் பிரான்ஸில் ஒரு கவிதை வெளியானது: தெஸ்னோஸின் கடைசிக் கவிதை, மரணப் படுக்கையில் துணைவி யூக்கிக்கு எழுதியது, அவரிடமிருந்து கிடைத்தது என்று. கேட்டவர்கள் அழுதார்கள். பாடநூல்களில் ஏறியது. 1956இல் பிரான்சிஸ் பூலாங்க் அதற்கு இசையமைத்தார். அதில் வரும் வரிகள்: உன்னை அவ்வளவு அழுத்தமாகக் கனவு கண்டேன், அவ்வளவு நடந்தேன், அவ்வளவு பேசினேன், உன் நிழலை அவ்வளவு நேசித்தேன், உன்னில் எனக்கு எதுவும் மிச்சமில்லை. நிழல்களுக்கிடையே நிழலாக இருப்பதுதான் மிச்சம், வெயில் நிறைந்த உன் வாழ்வுக்குள் மீண்டும் மீண்டும் வரும் நிழலாக.

அந்தக் கவிதை எழுதிய தாளை ஒருவரும் காட்டவில்லை. காட்டமுடியாது, அப்படி ஒரு தாளே இருந்ததில்லை. செக் அறிஞர் அடோல்ஃப் க்ரூபா 1960இல் முடிச்சை அவிழ்த்தார். தெஸ்னோஸ் இறந்ததும் ஒரு செக் செய்தித்தாள் அஞ்சலிக் கட்டுரை வெளியிட்டது. அதோடு 1926 கவிதையின் கடைசி வரிகள் செக் மொழிபெயர்ப்பில் வந்தன. அந்தச் செக் வரிகளை யாரோ நல்ல மனதோடு பிரெஞ்சுக்குத் திருப்பினார்கள். திரும்பி வந்த கவிதையை, அது புறப்பட்ட ஊர்க்காரர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. பத்தொன்பது ஆண்டு பழைய காதல் கவிதை முகாமில் எழுதிய மரண சாசனமாகிவிட்டது.

இதில் ஏமாற்றுக்காரர் என்று யாருமில்லை. ஒரு கவிஞன் அந்த நரகத்திலும் காதலிக்கு எழுதினான் என்று நம்ப மக்களுக்குத் தேவை இருந்தது. அந்தத் தேவையை நான் மதிக்கிறேன். தெஸ்னோஸ் முகாமிலிருந்து யூக்கிக்கு எழுதிய கடிதங்கள் உண்மையாகவே இருக்கின்றன. அவற்றில் இருக்கும் அன்புக்கு இந்தக் கவிதையின் துணை வேண்டியதில்லை. ஆனால் 1945இல் ஒரே ஒரு ஆள் "தாள் எங்கே? கையெழுத்தைக் காட்டுங்கள்" என்று கேட்டிருந்தால், பதினைந்து ஆண்டுகள் இந்தக் கதை ஓடியிருக்காது.

தாள் இல்லாத இடத்தில் சொல்லே சாட்சி சொல்லவேண்டியதாயிற்று. இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1926இல் 'ஆவி' ஒன்று, 'நிழல்' வேறொன்று, இரண்டு தனிச் சொற்கள். போய் வந்தபின் எல்லாமே நிழலாகிவிட்டது. உலவும் நிழல் முன்பு உல்லாசமாக நடந்தது, இப்போது அந்த உல்லாசம் காணோம். மூலத்தில் அவள் வாழ்வில் ஒரு சூரியக் கடிகாரம் இருந்தது. நிழல் அதன் தட்டில் ஊர்ந்து மணி காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு எல்லைகளைக் கடந்து திரும்பி வந்தபோது கடிகாரம் வழியில் எங்கோ தொலைந்துபோய், வெயில் மட்டும் வந்து சேர்ந்திருந்தது.